ஆராய்ச்சி மணியும் 988-ம்

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த தொலைபேசி எண்கள் மூன்றுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்று மனைவியுடையது, மகளின் பள்ளிப் படிவங்களில் எழுதி எழுதியே அது மனதில் தங்கியது. மூன்றாவது, கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் இருந்த லேண்ட்லைன் எண். அந்த இணைப்பைத் துண்டித்துப் பல வருடம் ஆகிறது. இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன், ஆனால் அழைத்தால் எடுக்க யாரும் இல்லை. அண்ணன் எண் தெரியாது, அம்மா எண் தெரியாது. கைபேசி தொலைந்தால் நான் தனியாள்.

இதை யோசிக்க வைத்தவன் என் கல்லூரி நண்பன். பெயர் வேண்டாம். 2016 ஜனவரி. அவன் நியூ ஜெர்சியில், நான் வட கரோலினாவில். அந்த வாரம் எனக்கு ஆன்-கால் முறை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: சர்வர் எதுவும் மூச்சுத் திணறினால் இரவு எந்த நேரமானாலும் எழுந்து பார்க்க வேண்டியவர் அந்த வாரம் நாம்தான். என் கைபேசியில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். இரவு பதினொன்றுக்கு மேல் எந்த அழைப்பும் ஒலிக்காது. அலுவலகத்தின் எச்சரிக்கைச் செயலிக்கு மட்டும் விதிவிலக்கு.

மூன்று மணிக்கு அது அலறியது. ஏதோ ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது. எழுந்து பழைய லாக் கோப்புகளை அழித்தேன். இருபது நிமிட வேலை. படுக்கும் முன் பார்த்தேன், நண்பனிடமிருந்து மூன்று மிஸ்டு கால். இரண்டு பத்து, இரண்டு பதினான்கு, இரண்டு நாற்பது. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் அழைத்தபோது, "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்றான். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அந்த இரவு என்னவாக இருந்தது என்பதை 2019-இல்தான் சொன்னான். ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதமாக வேலையில்லை, விசா நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன, நிச்சயமான கல்யாணம் நின்றிருந்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு மிக அருகில் போயிருக்கிறான். "ஹெல்ப்லைன் நம்பர் ஒண்ணு இருக்குன்னு தெரியும்டா. ஸ்டேஷன்ல போஸ்டர் பார்த்திருக்கேன். ஒன் எய்ட் ஹண்ட்ரட்... அதுக்கு மேல வரல. தேடணும்னுகூட தோணல. ரீசன்ட் கால்ஸ்ல உன் பேர் மேல இருந்துச்சு." அப்புறம் எப்படியோ விடிந்துவிட்டது என்றான். அவ்வளவுதான் அவனால் விளக்க முடிந்தது.

அவன் நினைவில் பாதியில் நின்ற எண் 1-800-273-8255. 2005-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உதவி எண் அது. கடைசி நான்கு இலக்கங்கள் விசைப்பலகையில் 'டாக்' என்று வரும். அப்படியும் மக்கள் மனதில் நிற்கவில்லை. 2017-இல் லாஜிக் என்ற ராப் பாடகர் அந்த எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். பாட்டுக்குள் எண் வராது, தலைப்பில் மட்டும்தான். பிறகு பிஎம்ஜே மருத்துவ இதழில் 2021-இல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் வழக்கத்தைவிடச் சுமார் 10,000 அழைப்புகள் கூடுதலாக வந்ததாகவும், 10 முதல் 19 வயதுள்ளவர்களிடையே எதிர்பார்த்ததைவிட 245 தற்கொலைகள் குறைந்ததாகவும் மதிப்பிட்டது. மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ஆனாலும் உறுத்துகிறது. உதவி அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது. கையை நீட்டினால் எது தட்டுப்படுகிறது என்பது மட்டுமே மாறியது.

2022 ஜூலை 16 அன்று அந்தப் பதினோரு இலக்கம் மூன்றாகச் சுருங்கியது: 988. செய்தி வந்த அன்று நண்பன் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது அந்த மூன்று இலக்கம் மட்டும்தான். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

*

சுலபமான எண் என்பது புதிய யோசனை இல்லை. லண்டனில் 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது அவர் விரும்பிய எண் 'மேன் 9000'. மேன்ஷன் ஹவுஸ் என்ற தொலைபேசி நிலையத்தின் முதல் மூன்று எழுத்து, பிறகு 9000. அவசரத்துக்கான 999 போல மனதில் ஒட்ட வேண்டும் என்பது எண்ணம். தேவாலயத்தில் தூசி படிந்து கிடந்த தொலைபேசியைத் துடைத்துப் பார்த்தால் அதன் எண்ணே அதுதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தெய்வச் செயலோ தற்செயலோ, லண்டனில் அப்படி ஓர் எண் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் கிடைக்கவில்லை. உருவாக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. மூன்று இலக்க எண் ஒன்றை எடுத்துக் கொடுப்பதில் என்ன சிரமம்? 211-லிருந்து 911 வரை பதினொன்றில் முடியும் எட்டு எண்களும் ஏற்கெனவே ஏதோ ஒரு சேவைக்குப் போயிருந்தன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தால் பழைய பழக்கத்தில் தவறாக அழைப்பவர்கள் வரிசையை அடைப்பார்கள். 988 எந்தப் பகுதிக்கும் ஏரியா கோடாக இல்லை. நல்லது. ஆனால் பல ஊர்களில் அது உள்ளூர் எண்களின் முதல் மூன்று இலக்கமாக இருந்தது. அங்கெல்லாம் உள்ளூர் அழைப்புக்கு ஏழு இலக்கம் அழுத்தினால் போதும். ஒருவர் 9, 8, 8 என்று அழுத்தியதும் எக்ஸ்சேஞ்சுக்குக் குழப்பம்: முடித்துவிட்டாரா, இன்னும் நான்கு இலக்கம் வருமா? சில நொடி காத்திருந்து முடிவு செய்யலாம். என்னிடம் விட்டிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், மூன்று வரி நிரல். ஆனால் அந்தச் சில நொடி மௌனத்தில் ஒருவர் லைனைத் துண்டித்துவிடலாம். அதனால் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 35 மாநிலங்களில் 82 ஏரியா கோடுகளில், 2021 அக்டோபர் 24 முதல் ஏழு இலக்க அழைப்பே நிறுத்தப்பட்டது. பக்கத்து வீட்டை அழைக்கவும் இனி பத்து இலக்கம். வீடுகளின் திருட்டு எச்சரிக்கைக் கருவிகள், ஃபேக்ஸ், ஸ்பீட் டயல் எல்லாவற்றையும் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

இந்த விவரத்தைப் படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் நள்ளிரவில் மூன்றே இலக்கத்தில் முடித்துக்கொள்ள, கோடிக்கணக்கானவர்கள் பட்டப்பகலில் மூன்று இலக்கம் கூடுதலாக அழுத்துகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணமே தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் முணுமுணுத்திருப்பார்கள். மென்பொருளில் எனக்குத் தெரிந்த எல்லாச் சுலபங்களும் இப்படித்தான். பயனர் ஒரு பொத்தானை அழுத்துகிறார் என்றால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் சிரமம் ஒழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் அறம் சார்ந்த கேள்வி ஒன்று எழுகிறது. ஒரு சிரமத்தை யார் சுமக்க வேண்டும்? எண்ணைத் தேடும் சிரமம் மிகச் சிறியது, நல்ல நாளில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மனம் ஒடுங்கி, ஒரே ஒரு வழி மட்டும் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அதே சிரமம் மலை. ஆகவே அதைச் சுமக்க முடிந்தவர்கள், அதாவது அன்றிரவு நன்றாக இருக்கும் மற்ற எல்லோரும், சுமப்பதே நியாயம் என்று தோன்றுகிறது.

அந்த நேரம் கடந்துவிடக்கூடியது என்பதும் இதில் முக்கியம். ரிச்சர்ட் சைடன் என்பவர் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் தற்கொலை முயற்சியின்போது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிருடன் இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இன்று முடியாவிட்டால் நாளை எப்படியும் செய்துகொள்வார்கள் என்ற ஊர்ப் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நண்பன் சொன்ன "எப்படியோ விடிஞ்சுடுச்சு" என்பதற்கும் இதுதான் பொருள் என்று நினைக்கிறேன்.

*

நமக்குத் தெரிந்த மிகப் பழைய உதவி எண் திருவாரூரில் இருக்கிறது, மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி. சின்ன வயதில் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தேர்க்கால். இப்போது கவனிப்பது கயிறு. பசு மணியை அடித்தது என்றால், கயிறு ஒரு பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கியிருக்கிறது. மனு எழுதத் தெரிய வேண்டாம், மொழி வேண்டாம், வாயிற்காவலனுக்கு விளக்க வேண்டாம். கதையைக் கட்டியவர்கள் அந்த மணியைத் தொட்டது மனிதன் அல்ல, பசு என்று வைத்ததில் பெரிய நுட்பம் இருக்கிறது. பேச முடியாத நிலையில் இருப்பவருக்கும் எட்டினால்தான் அது மணி.

கதையின் மறுபாதி இன்னும் கடுமையானது. மணியைக் கட்டுவதற்குக் கொஞ்சம் வெண்கலமும் கயிறும் போதும். அடித்த பிறகுதான் செலவு. அரசன் கொடுத்த விலை மகன். அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றைக்கு வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் கயிறு எவ்வளவு தாழத் தொங்குகிறதோ, உள்ளே இருப்பவனின் கடமை அவ்வளவு பெரியது என்பதில் கதைக்குச் சந்தேகமே இல்லை.

988 தொடங்கியபோது உள்ளே எல்லாம் தயாராக இல்லை. நாடு முழுக்க 200-க்கும் மேற்பட்ட உள்ளூர் மையங்கள்தான் அழைப்புகளை எடுக்கின்றன. பல இடங்களில் ஆள் போதவில்லை. உள்ளூரில் எடுக்காவிட்டால் அழைப்பு வேறு மாநிலத்தில் இருக்கும் மாற்று மையத்துக்குப் போகும். இப்படி அரைகுறையாகத் தொடங்குவது சரியா? கான்ட் 1785-இல் எழுதிய நூலில் பொய் வாக்குறுதிக்கு ஓர் உதாரணம் தருகிறார்: திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருகிறேன் என்று சொல்லிக் கடன் வாங்குபவன். எடுக்க ஆள் போதாது என்று தெரிந்தே, கூப்பிடுங்கள் என்று சொல்வதும் அதுதானே?

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சால்ஜாப்பு உண்டு. முதலில் வெளியிடு, பிறகு சரிசெய்துகொள்ளலாம். உணவு வரவழைக்கும் செயலிக்கு அது பொருந்தும். இங்கே சோதனைக்கு ஆளாகிறவர் தன் வாழ்வின் மோசமான இரவில் இருப்பவர். அவர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை. 2022 டிசம்பர் 1 அன்று, இணையத் தாக்குதல் ஒன்றினால் 988-இன் குரல் அழைப்பு நாளின் பெரும்பகுதி வேலை செய்யவில்லை. குறுஞ்செய்தியும் அரட்டையும் மட்டும் இயங்கின. ஆண்டுக்கு 99.999 சதவீதம் இயங்குகிறோம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் நின்றுபோகலாம் என்று பொருள். அந்த ஐந்து நிமிடத்தில் அழைத்தவருக்கு அது நூறு சதவீதம்.

இருந்தாலும் நான் தொடங்கியது சரி என்ற பக்கம்தான் நிற்கிறேன். காரணம் எளிது. எல்லாம் தயாரான பிறகு தொடங்குவோம் என்றால் ஒருபோதும் தயாராகாது. ஒலிக்காத மணிக்கு யாரும் ஆள் போடமாட்டார்கள். முன்பு 24 மில்லியன் டாலராக இருந்த மத்திய அரசின் ஒதுக்கீடு 988-க்காக 432 மில்லியனாக உயர்ந்தது. 911-க்கு வசூலிப்பதைப் போலவே தொலைபேசிக் கட்டணத்தில் சிறு தொகை சேர்க்க மாநிலங்களுக்குச் சட்டம் அனுமதித்தது. வர்ஜீனியா முதலில் செய்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் தொடர்புகள் வந்தன. அத்தனை வந்தும், இரண்டரை நிமிடத்துக்கு மேல் இருந்த சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. கான்டின் கடன்காரனுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அவன் வாங்கிய மறுகணம் மறந்துவிடுவான். இங்கே வாக்குறுதி கொடுத்தவர்கள் வாங்கிய கடனை அடைக்க மறுநாளிலிருந்து வேலை செய்தார்கள். இத்தகைய வாக்குறுதி கொடுக்கும் நொடியில் மெய்யோ பொய்யோ ஆவதில்லை. பிறகு என்ன செய்கிறோம் என்பதில் ஆகிறது.

அதனால்தான் 2025 ஜூலை 17 அன்று நடந்தது எனக்கு எளிதில் செரிக்கவில்லை. பால் புதுமையர் இளைஞர்கள் 3-ஐ அழுத்தினால் அவர்களுக்கென்றே பயிற்சி பெற்றவர்களுடன் பேசலாம் என்றிருந்த வசதி அன்று மூடப்பட்டது. எல்லோருக்குமான பொது இணைப்பு அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது என்றது அரசு. உண்மைதான். ஆனால் ஒருமுறை தாழத் தொங்கவிட்ட கயிற்றை மேலே இழுப்பது, தொங்கவிடாமலே இருப்பதைவிட மோசம். எட்டும் என்று நம்பி வந்து கை நீட்டுகிறவர் இருப்பார்.

*

988 வந்த பிறகு ஒருநாள் நண்பனைக் கேட்டேன். "அப்பவே இது இருந்திருந்தா கூப்பிட்டிருப்பியாடா?"

கொஞ்சம் யோசித்தான். "தெரியலடா. போலீஸ் வந்துட்டா? விசாவுக்குப் பிரச்சினை ஆயிட்டா? ஊர்ல வீட்டுக்குத் தெரிஞ்சுட்டா?"

எண்ணை மூன்று இலக்கமாக்கலாம். இந்த மூன்று பயங்களை எப்படிச் சுருக்குவது? அவன் எண் டெக்சஸ் எண். அமெரிக்கா வந்த நம் பையன்களுக்குத் தெரியும்: வந்திறங்கிய முதல் வாரம் சீனியர் ஒருவரின் ஃபேமிலி பிளானில் ஒட்டிக்கொண்டு வாங்கிய எண்தான் கடைசிவரை. நியூ ஜெர்சியிலிருந்து அவன் 988-ஐ அழைத்திருந்தால், ஏரியா கோடை வைத்து அழைப்பு டெக்சஸில் ஒரு மையத்துக்குப் போயிருக்கும். எண்ணின் முதல் மூன்று இலக்கம் ஒருவன் எங்கே தொடங்கினான் என்பதைச் சொல்கிறது, இன்று எங்கே இருக்கிறான் என்பதை அல்ல. இதைச் சரிசெய்ய, அழைப்பவர் இருக்கும் பகுதியை ஒட்டி அழைப்பை அனுப்ப வேண்டும் என்று 2024 அக்டோபரில் கைபேசி நிறுவனங்களுக்கு விதி வந்தது. கவனமாக வரையப்பட்ட விதி. ஏறக்குறைய எந்தப் பகுதி என்பது மட்டும் பயன்படும். 911-க்குப் போவதுபோல் வீட்டு வாசல்வரை போகாது.

எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் காப்பாற்றலாமே, ஏன் தெரியக்கூடாது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் தெரியும் என்றால் என் நண்பன் அழைக்கவே மாட்டான். ரகசியம் காப்பது இந்தச் சேவைகளின் பிறப்பிலேயே இருக்கிறது. சமாரிட்டன்ஸ் தொடங்கியபோது இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். அது 1961-இல்தான் நீங்கியது. சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ஸ்நேகாவைத் தொடங்கியபோது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு உயிரோடு இருந்தது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-இன் மனநலச் சட்டம் சொல்லும்வரை, உதவி கேட்பது ஒரு வகையில் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தது. அந்தச் சூழலில் 'யாரிடமும் சொல்லமாட்டோம்' என்பதே பாதி வைத்தியம்.

988-க்கு வரும் அழைப்புகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் அவசர சேவையை அனுப்ப வேண்டிவருகிறது என்கிறார்கள். நல்ல எண்தான். ஆனால் அழைக்கிறவருக்குத் தான் அந்த இரண்டில் ஒருவரா என்று தெரியாது. உயிர் போகும் நிலையில் ஒருவரின் விருப்பத்தை மீறிக் கதவைத் தட்டுவது சரியா என்பதில் எனக்கு முழுத் தெளிவு இல்லை. சில நேரம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எப்போது தட்டுவோம், எப்போது தட்டமாட்டோம் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பயத்தின் பெரும்பகுதி, என்ன நடக்கும் என்று தெரியாததில் இருக்கிறது.

அதே 2022-இல் அக்டோபர் 10 அன்று இந்தியாவிலும் டெலி மானஸ் வந்தது: 14416, ஐந்து இலக்கம். தமிழில் பேசலாம். இது சின்ன விஷயம் அல்ல. 988-இல் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ள முடியும். ஆனால் "மனசு சரியில்ல" என்பதை அவர் எப்படி மொழிபெயர்ப்பார்? மாமியாருடன் சின்னச் சண்டை என்றாலும் நாம் அதைத்தான் சொல்கிறோம். வாழப் பிடிக்கவில்லை என்றாலும் அதைத்தான் சொல்கிறோம். வித்தியாசம் குரலில் இருக்கிறது. என் நண்பனின் "சும்மாதான்" போல. அதைப் பிடிக்க அந்த மொழியில் வளர்ந்த காது வேண்டும். அந்தக் காது அன்று எனக்கு இருந்தது. தூக்கம்தான் வந்தது.

*

988 இருந்தால் போதும், நாம் தூங்கலாம் என்று நான் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சர்வரின் முனகல் என்னை எழுப்ப வேண்டும், மனிதனின் அழைப்பு எழுப்பக் கூடாது என்று அந்தக் கைபேசியில் தீர்மானித்தது எந்த நிறுவனமும் இல்லை, நான்தான். எச்சரிக்கை வந்து ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் அலுவலகத்தில் அடுத்தவருக்குப் போகும். அடுத்தவரும் எடுக்காவிட்டால் மேலாளருக்குப் போகும். நண்பனின் அழைப்பு என்னைத் தாண்டி யாருக்கும் போகவில்லை.

இப்போது விதிவிலக்குப் பட்டியலில் பதினோரு பேர் இருக்கிறார்கள். பட்டியல் போடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது ஆள் யார், அவரை ஏன் விட்டேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு 988 இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் இரவு ஒன்றரைக்குக் கைபேசி அலறியது. நண்பனின் பெயர். பதறி எழுந்து, கால் மேசையில் இடித்துக்கொண்டு எடுத்தேன். "டேய், என்னடா ஆச்சு?"

மறுமுனையில் டிவி சத்தம், குழந்தை அழுகை. "அச்சோ, நீயாடா? பாப்பா போனை எடுத்து ஏதோ அழுத்திட்டா. தூங்கு, தூங்கு" என்று வைத்துவிட்டான்.

மனைவி யார் என்று கேட்டாள். சொன்னேன். கட்டைவிரல் வீங்கியிருந்தது. ஐஸ் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.